சிவப்புக் கோடு வரைக்கும்

முப்பத்தி ஒம்பது. இன்னும் நாப்பதுகூட ஆகலை. ஆகட்டும், மெதுவாவே ஆகட்டும், யாரு அழுதா இப்ப. இந்தச் சார்ஜ் நம்பரு ஏற ஏற எனக்குத்தான் நேரம் கொறையுது. முன்சீட்டுல ஒக்காந்துட்டு இவரு அந்தத் திரையவே பாத்துட்டிருக்கறாரு, பரிச்சை ரிசல்ட்டு வர்ற நாள்ல பேப்பரைப் பாக்கற மாதிரி. "லோகு, பாத்தியா, பேசிட்டிருக்கறப்பவே ஒண்ணு ஏறிடுச்சு"ங்கறாரு. நான் எங்க பேசினேன்? சேலத்துல ஏறினதுல இருந்து நான் வாயே தொறக்கலை, அதுகூட இந்த மனுசனுக்குத் தெரியலை. கல்யாணமான நாள்ல இருந்து நான் கம்முனு இருந்து பாத்திருக்கறாரா? ஒரு நாள் இருக்கறேன், என்ன ஏதுன்னு கேக்கத் தோணுதா? தோணாது. கரண்ட்டு எங்க போகுது எங்க வருதுன்னு கேட்டா மணிக்கணக்கா சொல்லுவாரு. பொண்டாட்டி மனசுல என்ன ஓடுதுன்னு பாக்க இன்னும் மீட்டரு கண்டுபிடிக்கலை. பெருந்துறை தாண்டி ரோட்டோரத்துல ஒரு ஓட்டலு, அதோட வாசல்ல வேப்பமரத்தடியில சார்ஜ் போடற பொட்டி ரெண்டு நிக்குது. ஒண்ணுல வேலை செய்யலைன்னு அட்டை தொங்குது. இன்னொண்ணுல எங்க மக சுகந்தியோட வண்டி. வயரை மாட்டிட்டு டீ வாங்கறேன்னு அவ உள்ள போயிருக்கறா. வெள்ளிக்கிழமை, கல்யாணக் கூட்டம் வேற, லேசுல வர மாட்டா. அவ வர்றதுக்குள்ள சொல்லீரோணும். மக முன்னாடி சொன்னா இவரு அழக்கூட மாட்டாரு, முழுங்கிக்குவாரு. முழுங்கி முழுங்கித்தான் நெஞ்சு அடைச்சு போன வருசம் ஸ்டென்ட் வெச்சது. சொல்லீரோணும். 'ஏனுங்க, நாம பாக்கப் போற வண்டி அங்க இல்லீங்க.' அவ்வளவுதான், ஒரு வரி. காலைல இருந்து அந்த ஒரு வரிய வாய்க்குள்ள வெச்சு உருட்டிட்டிருக்கறேன், துப்பவும் முடியலை, முழுங்கவும் முடியலை.

காலைல வீட்டைப் பூட்டிட்டு எல்லாரும் வண்டில ஏறின பொறகு, தண்ணி பாட்டலை மறந்துட்டேன்னு திரும்ப உள்ள போனேன். பொறப்பட்டவ திரும்பிப் போகக் கூடாதும்பாங்க. போனேன். ஃபிரிட்ஜ் மேல என்ற போனு அடிச்சிட்டிருந்துச்சு. விஜயானந்த். கோயமுத்தூர்ல இவரு வேலை பாத்த பம்ப் கம்பெனி முதலாளி ஆறுக்குட்டியோட மகன். முதலாளி போய்ச் சேந்து பல வருசமாச்சு, இப்ப பையன் கம்பெனிய மூடிட்டு எடத்தைப் பிளாட்டு போடறான். அவன்தான் போன வாரம் கூப்புட்டான். "அம்மா, பழைய ஷெட்டைக் காலி பண்றமுங்க. சார் செஞ்ச வண்டி அங்கயேதான் நிக்குது. சார் ஒருக்கா வந்து பாத்துக்கறதுன்னா பாத்துக்கட்டுமுங்க, அப்பறம் பழைய இரும்புக்குப் போயிரும்"னான். அதைக் கேட்டதுல இருந்து இவரு ஆளே மாறிட்டாரு. மாத்திரைய ஞாபகப்படுத்தாமலே போடறாரு. தாடிய எடுத்துட்டாரு. இன்னைக்கு அதே குரலு, கொஞ்சம் எறங்கி. "மன்னிச்சுக்கோங்கம்மா. நான் ஊர்ல இல்லாதப்ப இரும்புக்காரன் முந்திக்கிட்டானுங்க. உருட்ட முடியலைன்னு வெட்டித்தான் எடுத்திருக்கறாங்க. ஒண்ணும் மிச்சமில்லீங்க. சாருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை, நீங்களே..." நீங்களே! எல்லாரும் கடைசில என்ற தலையிலதான் கட்டுவாங்க. நாலு டயரும் காத்து எறங்கிப் போயிருக்கும், சோம்பேறிப் பசங்க, காத்து அடிக்கறதுக்கு வெட்டறது சுலபம்னு வெட்டியிருப்பானுங்க. ஃபைபரு. ரம்பம் வெச்சா மாவாக் கொட்டும். பாட்டலை எடுத்துட்டு வெளிய வந்தா, இவரு வெள்ளைச் சட்டை போட்டு, மடியில மஞ்சப்பைய வெச்சுட்டு, கண்ணாடியத் தொடைச்சுட்டு ஒக்காந்திருக்கறாரு. அந்த மொகத்தைப் பாத்து எப்படிச் சொல்றது? ஏறி ஒக்காந்து கதவைச் சாத்தினேன்.

நாப்பத்தி நாலு. அந்த வண்டிக்கு ஆபீசுல வேற பேரு, இங்கிலீசுல ஒரு எழுத்தும் ஒரு நம்பரும். ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை. தண்ணித் தொட்டி செய்யறவங்களை வெச்சு ஃபைபர்ல பாடி வார்த்து, அச்சுல இருந்து எடுத்தப்ப வெள்ளை வெளேர்னு, உப்பலா, ஒரு மூலையும் இல்லாம வந்துச்சு. மோட்டாருக்குக் காயில் சுத்தற பொண்ணுங்க எட்டிப் பாத்துட்டு, "ஐய, இட்லி!"ன்னு சிரிச்சாளுங்க. அன்னைல இருந்து இட்லிதான். இவரு ரெண்டு நாள் யாருகூடயும் பேசலை. மூணாம் நாள் வீட்டுக்கு வந்து, "லோகு, இன்னைக்கு இட்லி ஓடுச்சு"ன்னாரு. அப்ப சிரிச்ச சிரிப்பு. தெருவுக்கு ஒரு வீட்டுல போன் இருந்த காலம் அது. பெட்ரோல் இல்லாம காரா, கரண்ட்டுலயா, மெண்டலான்னு கேட்டாங்க. இவரு முதலாளிகிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு: "நம்ம மோட்டார் எறநூறு அடி ஆழத்துத் தண்ணிய மேல தள்ளுது. ஒரு சின்ன வண்டிய முன்னால தள்ளாதுங்களா?" முதலாளி விழுந்து விழுந்து சிரிச்சுட்டு ஒரு ஷெட்டையும் ரெண்டு ஆளையும் குடுத்தாரு. நல்ல மனுசன்தான் ஆறுக்குட்டி, அதைச் சொல்லலைன்னா பாவம். வழக்கமாவே காரெல்லாம் ஆம்பளை அளவுக்குச் செய்யறாங்க, இது பொம்பளைங்க ஓட்டற வண்டியா இருக்கட்டும்னு சொன்னது இவரு. டீச்சருங்க, நர்சுங்க, காய் வாங்கப் போறவங்க. அதுக்கு அளவு வேணுமே? என்னைய அடுப்படி முக்காலில ஒக்கார வெச்சு டேப்பை எடுத்துட்டு வந்துட்டாரு. முட்டில இருந்து குதிகால், இடுப்புல இருந்து முட்டி, கைய நீட்டு, கழுத்தைத் திருப்பு. "டெய்லர்கூட இப்படி அளக்க மாட்டான், அடுப்புல பருப்பு பொங்குது"ன்னு கத்தினேன். கத்தினேனே தவிர... ஒருத்தர் நம்மள அளந்து, நம்ம அளவுக்கு ஒரு பொருள் இந்த ஒலகத்துல வரப் போகுதுன்னா அது எப்படி இருக்கும்னு யாருகிட்டச் சொல்றது? எனக்குக் கல்யாண ரவிக்கையே அக்காளோடது, பிடிச்சுத் தைச்சது. சேலை சிக்காம இருக்கக் கதவுப்படிய எறக்கினாரு. பிரேக்கை என்ற காலுக்கு நகத்தினாரு. ஷிப்டு முடிஞ்சு ஆளுங்க போன பொறகு காம்பவுண்டுக்குள்ள ஓட்டக் கத்துக் குடுத்தாரு. சத்தமே இல்லை. படுத்திருந்த நாயிகூடத் தலையத் தூக்கலை. என்ற ஆயுசுல நான் சத்தமில்லாம செஞ்ச காரியம் அது ஒண்ணுதான்.

அந்தக் கோடு. சார்ஜ் பாக்கற மீட்டரு ஏதோ ஓடாத மிசினுல இருந்து கழட்டினது, அதுல இருந்த எழுத்தெல்லாம் தேஞ்சு போயிருந்துச்சு. செவப்பா ஏதாவது குடுன்னாரு. என்ற நெயில் பாலிஷைக் குடுத்தேன். கண்ணாடி மேல நடுங்காம ஒரு கோடு இழுத்தாரு. "முள்ளு இந்தக் கோட்டைத் தொட்டாத்தான் வண்டிய எடுக்கோணும். தொடாம எடுத்தா நடுவழில நின்னுக்கும்"னாரு. எனக்குச் சொன்னாரு, ஷெட்டு ஆளுங்களுக்குச் சொன்னாரு, டீ கொண்டு வர்றவருக்குக்கூடச் சொன்னாரு. சொல்ல வேண்டிய ஒருத்தருக்குச் சொல்ல வேண்டிய அன்னைக்கு மட்டும் சொல்லலை. நாப்பத்தி ஒம்பது. "அம்பது ஆகப் போகுது லோகு"ங்கறாரு. ஆகட்டுங்க.

அன்னைக்கும் வெள்ளிக்கிழமை. பம்பாயில இருந்து மூணு பேரு வர்றாங்க, பாத்துப் புடிச்சிருந்தா வருசத்துக்கு ஆயிரம் வண்டி போடப் பணம் எறக்கறதாப் பேச்சு. முந்தின ராத்திரி பூரா கரண்ட் இல்லை. விடிஞ்சு வந்துச்சு. நான் மயில்கழுத்துக் கலர் பட்டு கட்டி, பூ வெச்சு, ஓட்டப் போறது நான்தானே, ஏறி ஒக்காந்து பாக்கறேன், முள்ளு கோட்டுக்குக் கீழ நிக்குது. நெம்பக் கீழ. இவரு என்ற காதுல, "கோட்டைத் தொட மணி பன்னெண்டு ஆயிரும்"னாரு. அந்த நேரம் பாத்து முதலாளி வந்தாரு. "தெய்வசிகாமணி, பத்தரைக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்குள்ள வண்டி கேட்டைத் தாண்டீரோணும். இத்தனை பெரிய காரியத்தை ராகு காலத்துலயா எடுப்பாங்க?" இவரு வாயத் தொறந்தாரு. நான் பாத்தேன், தொறந்தாரு. பம்பாய்க்காரங்க கோட்டு போட்டுட்டுப் பக்கத்துலயே நிக்கறாங்க. "சரிங்க முதலாளி"ன்னாரு. அப்பறம் முதலாளி என்னையப் பாத்து, "அம்மிணி, நீ எறங்கு சாமி, மொதல்ல என்ற கை படட்டும்"னாரு. என்ற அளவுக்குச் செஞ்ச சீட்டுல இருந்து நான் எறங்கினேன். ஆறடி ஆளு, முட்டி ஸ்டீரிங்குல இடிக்க இடிக்க ஏறினாரு. ரெண்டு பேரு போற வண்டில நாலு பேரு. டயருக்கு ஒண்ணா நாலு எலுமிச்சம்பழம். நான் ஆரத்தித் தட்டைத் தூக்கிட்டு நின்னேன். பழம் நசுங்கற சத்தம் கேட்டுச்சு, ஏன்னா வண்டில வேற சத்தம் இல்லையே. கேட்டுல நின்னு பாத்தா ரயில்வே பாலம் தெரியும். பாலத்துல பாதி ஏறுச்சு. நின்னுச்சு. அப்பறம் மெதுவாப் பின்னால வந்துச்சு. டீக்கடைல இருந்தவங்க ஓடிப் போய் டயருக்குக் கல்லு வெச்சாங்க. எவனோ ஒருத்தன் பாலம் பூராக் கேக்கற மாதிரி கத்தினான், "இட்லி வேகலை டோய்!" எல்லாரும் சிரிச்சாங்க. பம்பாய்க்காரங்களுக்குப் பாஷை புரியலை, அவங்களும் சிரிச்சாங்க. இவரு என்ற பக்கத்துல நின்னுட்டிருந்தாரு. ஆரத்தித் தண்ணி என்ற பட்டுல ஊத்தினது எனக்கு வீட்டுக்குப் போன பொறகுதான் தெரிஞ்சுது.

இதுக்கு ஒரு வழி இருந்துச்சுங்க, அதுதான் இன்னைக்கும் ஆற மாட்டேங்குது. ராகு காலத்துல ஊருக்குப் போக வேண்டியிருந்தா எங்க பக்கம் என்ன பண்ணுவாங்க? நல்ல நேரத்துலயே ஒரு பையக் கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுல வெச்சுருவாங்க. பொறப்பட்ட கணக்கு. அப்பறம் நிதானமாக் கெளம்பலாம். வண்டியக் கையால தள்ளி கேட்டுக்கு வெளிய நிறுத்தி, ஒரு வயரை இழுத்து விட்டிருந்தா முடிஞ்சுது. பழம் நசுங்கியிருக்கும், முதலாளி மனசு நெறைஞ்சிருக்கும், பம்பாய்க்காரங்களுக்கு ஒரு காப்பி குடுத்து ஒக்கார வெச்சிருக்கலாம், முள்ளும் கோட்டைத் தொட்டிருக்கும். பத்து வயசுல இருந்து நான் பை கொண்டு போய் வெச்சிருக்கறேன். இது எனக்கு எப்பத் தோணுச்சு? ஒரு வாரம் கழிச்சு, தோசை சுடறப்ப. கரண்டியோட அப்படியே நின்னுட்டேன், தோசை கருகிப் போச்சு. இவருகிட்ட நான் சொல்லலை. சொல்லி?

முதலாளி கோவிக்கலை. "பம்ப்பே போதும் நமக்கு, இதெல்லாம் வேண்டாம்"னு தார்ப்பாயைப் போட்டு மூடச் சொல்லிட்டாரு. மோட்டாருக்குச் சக்தி பத்தலைன்னு நெனச்சாரு. கடைசி வரைக்கும் அப்படித்தான் நெனச்சுட்டுச் செத்தாரு. 'சார்ஜ் முழுசா ஏறலீங்க முதலாளி.' இத்தனைதான் இவரு சொல்ல வேண்டியிருந்துச்சு. முன்னாடி சொல்லலைன்னா பின்னாடியாவது. சொன்னா முதலாளி அவசரப்பட்டதுதான் காரணம்னு ஆயிரும், சோறு போடறவரைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும். அதனால தன்னோட மோட்டார் மேல பழி விழட்டும்னு விட்டுட்டாரு. நான் சண்டை போட்டேன். அழுதேன். "போய்ச் சொல்லுங்க, நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்"னு நின்னேன். "உடு லோகு"ன்னாரு. அதோட சரி. வேலைய உட்டு நிக்கற வரைக்கும் பம்ப் மோட்டார், அப்பறம் சேலத்துல பேத்திக்கு டியூசன், டிவி, மாத்திரை. அந்த வண்டியப் பத்தி ஒரு வார்த்தை எங்க வீட்டுல பேசினதில்லை. வீட்டுல இட்லி சுட்டா நான் 'டிபன் ஆச்சு'ன்னுதான் கூப்புடுவேன். இப்ப ரோடெல்லாம் கரண்ட்டுல ஓடற பச்சை நம்பர் பிளேட்டு வண்டி. ஒவ்வொண்ணு போறப்பவும் இவரு திரும்பிப் பாக்கறாரு, நான் இவரைப் பாக்கறேன், ரெண்டு பேரும் வேற ஏதோ பேசறோம். பஸ்ல மிச்சக் காசு குடுக்காத கண்டக்டரை நடுரோட்டுல எறக்கி விடற வாய் இது. அன்னைக்கு முள்ளைப் பாத்தது இவரு மட்டுமா? நானும்தான் பாத்தேன். எறங்குன்னா எறங்கிட்டேன். ஆறுக்குட்டியத் திட்டித் திட்டி இத்தனை வருசம் போச்சு, இன்னைக்குக் காலைல நான் என்ன பண்ணினேன்? ராத்திரி தெருவுல டிரான்ஸ்பார்மர் போச்சு, இந்த வண்டி பாதிதான் ஏறியிருக்குது, மத்தியானம் போலாம்மான்னு சுகந்தி சொல்றா. "வெள்ளிக்கிழமை, பத்தரைக்குள்ள வாசலைத் தாண்டீரோணும்"னு நான்தானே வெரட்டினேன்! பை வெக்கற வழக்கம் இன்னைக்கும் தோணலை பாருங்க. தூ, என்ன ஜென்மமோ. அதனாலதான் இப்படி ரோட்டோரத்துல நிக்கறோம்.

அறுபத்தி ஏழு. மஞ்சப்பையில என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியும். ஒரு பழைய வேட்டித் துணி, தொடைக்கறதுக்கு. ஒரு டிஸ்டில்டு வாட்டர் பாட்டலு. பேட்டரிக்கு ஊத்தறதுக்கு. வறண்டு செத்து எத்தனையோ வருசம் ஆன பேட்டரிக்குத் தண்ணி ஊத்தறதுக்குக் கடை கடையாத் தேடி வாங்கிட்டு வந்திருக்கறாரு. செத்தவங்க வாயில பால் ஊத்தற மாதிரி. அங்க போய் நின்னு வெறும் ஷெட்டைப் பாத்தா? தரையில நாலு டயர் தடமும் ஃபைபர் தூளும் கெடந்தா? அதுல நெயில் பாலிஷ் கோடு போட்ட கண்ணாடித் துண்டு ஒண்ணு கெடந்துச்சுன்னா? நெஞ்சைப் புடிச்சா அங்க எந்த ஆஸ்பத்திரி பக்கம்? வேண்டாம். இங்கயே. ஓட்டலு இருக்குது, தண்ணி இருக்குது, மக இருக்கறா. இங்கயே சொல்லீரோணும். எழுவது ஆனதும் சொல்றேன். எழுவது ஆச்சு. எழுவத்தஞ்சு. சுகந்தி வர்றது தெரியுது, ரெண்டு கைலயும் டீ, கூட்டத்துல வழி கேட்டுட்டு நிக்கறா.

"ஏனுங்க."

"ம்."

"நம்ம இட்லி இல்லீங்க."

திரும்பலை. அந்தப் பேரை நான் சொல்லி எத்தனை காலமாச்சு. பின்னால இருந்து எனக்குக் காது மட்டும்தான் தெரியுது, காதுமடல்ல முடி நரைச்சுக் கெடக்குது. "வெட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களாமுங்க. காலைலயே போன் வந்துச்சு. உங்க மொகத்தைப் பாத்து எனக்குச் சொல்லத் தெகிரியம் வரலைங்க." ஒரு லாரி போச்சு. இன்னொண்ணு போச்சு. இவரு மஞ்சப்பையத் தொறந்து டிஸ்டில்டு வாட்டர் பாட்டலை எடுத்துப் பாத்தாரு, மூடிய இறுக்கினாரு, திரும்ப உள்ள வெச்சு பையோட வாயை மடிச்சாரு. வெசனமாக்கூட இல்லை, கணக்கு ஒதைக்கற குரல்ல கேட்டாரு.

"அப்பறம் எதுக்கு லோகு சார்ஜ் போட்டுட்டிருக்கறோம்?"

அழுகை வந்துச்சு, சேலைத் தலைப்பைக் கடிச்சுக்கிட்டேன். சுகந்தி வந்து என்ற கையில டீயைக் குடுத்துட்டு, ஜன்னல் வழியாத் திரையப் பாத்துட்டு, "எம்பது ஆயிருச்சுப்பா, கோயமுத்தூருக்கு இது தாராளம். கழட்டிரட்டுமா? பின்னாடி ஒரு வண்டி காத்துட்டிருக்குது"ன்னா. வயருகிட்டப் போயி கையக்கூட வெச்சுட்டா.

"கழட்டாதே!"

இவரு கத்தி நான் கேட்டதில்லை. சுகந்தி கைய எடுத்துட்டா. "அப்பா, எம்பதுக்கு மேல நெம்ப மெதுவாத்தான் ஏறும்"னா. "ஏறட்டும் சாமி. முழுசா ஏறட்டும். பாதியில எடுக்கக் கூடாது." அப்பறம் திரையப் பாத்துட்டே, எங்க யாருக்கும் இல்லாம, "அன்னைக்கே சொல்லியிருக்கோணும்"னாரு. மகளுக்கு ஒண்ணும் புரியலை. என்னையப் பாக்கறா. "அப்ப எப்பம்மா கோயமுத்தூரு போய்ச் சேர்றது?" எனக்குத் தெரியலை கண்ணு. கோயமுத்தூரு போறமா, திரும்பிச் சேலமே போறமா, அதுவே தெரியலை. முதல்ல ஏறட்டும்.

பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான். ஒருக்கா. திரும்ப ஒருக்கா, நீட்டி. இவரு தோள் சுருங்குச்சு, பாத்துட்டேன், அன்னைக்குப் பாலத்தைப் பாத்துட்டு நின்னப்ப சுருங்கின அதே தோள். டீயைச் சீட்டுல வெச்சுட்டு எறங்கினேன். நல்ல வெயில். கூலிங் கிளாஸ் போட்ட ஆளு, கண்ணாடிய எறக்கி, "எம்பது தாண்டிருச்சுங்களேம்மா, எடுக்கலாமல்லங்க?"ன்னான். மரியாதையாத்தான் கேட்டான், பாவம். நான் அவன் கண்ணைப் பாத்துச் சொன்னேன்.

"சார்ஜ் இன்னும் முழுசா ஏறலீங்க."

சரிங்கம்மான்னுட்டு அவன் சீட்டைச் சாச்சுப் படுத்துட்டான். அவ்வளவுதான். அத்தனை சுலபமா இருந்துச்சு. வெயில்ல அங்கயே சித்தெ நேரம் நின்னேன். அப்பறம் வந்து இவரு பின்னால ஒக்காந்து டீயைக் குடிச்சேன், ஆறிப் போயிருந்துச்சு. எம்பத்தி நாலு.